மாதவிடாய் வருகிறது, முட்டை வருகிறதா?

கேள்வி: எனக்கு வயது 29. திருமணமாகி மூன்று ஆண்டு நான்கு மாதம் ஆகிறது. உயரம் 156 செ.மீ., எடை 71 கிலோ. பள்ளிப் பருவத்திலிருந்தே மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை. 45 நாள், 60 நாள், சில வேளை மூன்று மாதம்கூடத் தள்ளிப்போகும். ஸ்கேனில் இரண்டு பக்கமும் நீர்க்கட்டி என்றார்கள். தைராய்டுக்கு இரண்டு ஆண்டாக 50 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்தும் டி.எஸ்.எச். 6.1 இருக்கிறது. ப்ரோலாக்டின் 38, ஏ.எம்.எச். 9.2. நாள் தள்ளிப்போகும்போதெல்லாம் டாக்டர் ஐந்து நாள் மாத்திரை தருகிறார்; முடித்த ஒரு வாரத்துக்குள் மாதவிடாய் வந்துவிடுகிறது. முட்டை வளர்வதற்கான குளோமிஃபீன் மாத்திரையும் மூன்று மாதம் சாப்பிட்டேன். ஸ்கேன் எதுவும் பார்க்கவில்லை. நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கும் மாத்திரை, முடி கொட்டுவதற்கு பயோட்டின், மாமியார் சொன்னதால் மலைவேம்புச் சாறு ஆகியவையும் எடுக்கிறேன். வேறொரு டாக்டர் லெட்ரோசோல் எழுதித் தந்தார். அது புற்றுநோய் மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னதால் வாங்காமல் வந்துவிட்டேன். இப்போது ஒரு மையத்தில் நேராக டெஸ்ட் டியூப் முறைக்குப் போகச் சொல்கிறார்கள். கணவருக்கு வயது 34. சாய ஆலையில் ஸ்டென்டர் இயந்திரத்தில் வேலை, பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார். சென்ற மாதம் நாத்தனாரின் வளைகாப்பில் வளையல் போட என்னை அழைக்கவில்லை. மாதாமாதம் மாதவிடாயை வரவழைத்தும் ஏன் கரு நிற்கவில்லை? நான் டெஸ்ட் டியூப் முறைக்குப் போகத்தான் வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு விடை தெரிந்துவிட்டால் இரண்டாவது பாதி தீர்ந்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மாதவிடாய் வருவதும் முட்டை வெளியேறுவதும் ஒன்றல்ல. இயல்பான சுழற்சியில் முதலில் சினைப்பைக்குள் இருக்கும் சிறு முட்டைப்பைகளில் ஒன்று மட்டும் வளர்ந்து, ஏறக்குறைய 20 மி.மீ. அளவுக்கு வந்ததும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. வெடித்த அந்தப் பையே பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரந்து, கருப்பையின் உள்சவ்வைக் கரு தங்குவதற்கு ஏற்றபடி பக்குவப்படுத்துகிறது; கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பு வற்றி, சவ்வு உதிர்ந்து வெளியேறுகிறது. உங்களுக்குத் தரப்படும் ஐந்து நாள் மாத்திரையில் இருப்பது இந்தப் புரோஜெஸ்டிரோனைப் போன்ற ஒரு பொருள்தான். அதைச் சாப்பிட்டு நிறுத்தினால் சவ்வு உதிர்கிறது, அவ்வளவே. அந்த மாதத்தில் முட்டை வளரவும் இல்லை, வெடிக்கவும் இல்லை. அறுவடை நடக்காத வயலில் வைக்கோலை மட்டும் அப்புறப்படுத்தியதற்குச் சமம் அது.

இதனால் அந்த மாத்திரையே வீண் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் உதிராமல் தங்கும் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அப்படிப் பல ஆண்டு விட்டால் பிற்காலத்தில் அது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களுக்கும் இடம் கொடுக்கலாம் என்பதால், அதை அவ்வப்போது உதிரச் செய்வது தேவையானதே. ஆனால் அது கருப்பையைக் காக்கும் சிகிச்சை. கருத்தரிக்க வைக்கும் சிகிச்சை அல்ல. இந்த வேறுபாட்டை யாரும் உங்களுக்கு விளக்காததால்தான் மூன்று ஆண்டாக மாதவிடாய் வந்த ஒவ்வொரு முறையும் ஒரு வாய்ப்பு வந்து தவறிவிட்டதாக எண்ணியிருக்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சில. மூன்று ஆண்டு முயன்று தோற்றவர் என்பதைவிட, இன்னும் சரியாக முயலவே தொடங்காதவர் என்றுதான் உங்களைக் குறித்து எழுதுவேன். மருத்துவக் கண்ணோட்டத்தில் இது நல்ல செய்தி. ஒன்றை மட்டும் இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: அந்த ஐந்து நாள் மாத்திரையைத் தொடங்கும் முன் ஒவ்வொரு முறையும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும். ஒழுங்கற்ற சுழற்சியிலும் எப்போதாவது முட்டை வரும். நாள் தள்ளியது எதனால் என்று பார்க்காமல் மாத்திரை போடுவது சரியல்ல.

நாள் கணக்கிலும் ஒரு பிழை நடந்திருக்கலாம் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் என்னிடம் வருபவர்களில் பலர் பத்தாம் நாள் முதல் இருபதாம் நாள் வரை சேர்ந்திருந்தால் போதும் என்று நம்புகிறார்கள். அது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வெளியேறிய பிறகு மாதவிடாய் வரும்வரை உள்ள காலம்தான் எல்லோருக்கும் ஏறக்குறைய 14 நாளாக இருக்கிறது. அதற்கு முந்தைய பகுதியே நீள்கிறது. ஆகவே உங்களுக்கு 50 நாளில் இயற்கையாக மாதவிடாய் வந்த மாதத்தில் முட்டை வந்திருந்தால் அது 36ஆம் நாளை ஒட்டித்தான் வந்திருக்கும். 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் அளவு பார்த்துவிட்டு முட்டை வரவில்லை என்று சொல்வதும் இதே காரணத்தால் உங்களுக்குப் பொருந்தாது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டையோ ஒரு நாள்கூடத் தாங்காது. எனவே நாளைத் தேடி அலைவதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இயல்பாகச் சேர்ந்திருப்பதே நல்லது. முட்டை வெளியேறும் நாளைக் காட்டுவதாகக் கடையில் விற்கும் சிறுநீர்ப் பட்டைகளை நம்பிப் பணம் செலவிட வேண்டாம். அவை அளக்கும், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உங்களைப் போன்றவர்களுக்கு எப்போதுமே சற்று உயர்ந்திருப்பதால் பொய்யான நம்பிக்கையைத் தந்துவிடும். இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் வரும் நேரத்தில் நீங்கள் வேலைக்குக் கிளம்பி, ஞாயிறு ஒரு நாள்தான் இருவரும் ஒரே வீட்டில் விழித்திருக்கிறீர்கள் என்றால் அதையும் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தம்பதிகளிடம் நான் முதலில் கேட்கும் கேள்வியே ஷிஃப்ட் என்ன என்பதுதான்.

நீர்க்கட்டி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் சினைப்பையில் இருப்பவை கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கி, 10 மி.மீ.கூட எட்டாமல் பாதியில் நின்றுவிட்ட முட்டைப்பைகளே அவை. அவற்றைக் கரைக்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். அவற்றில் ஒன்றை வளர வைத்தால் போதும். 1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டைன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களிடம் இந்த நிலையை விவரித்தபோது சினைப்பையில் ஒரு துண்டை வெட்டியெடுப்பதே வைத்தியமாக இருந்தது. நல்ல வேளையாக அந்தக் காலம் போய்விட்டது. முட்டை ஒழுங்காக வெளியேறாமை, ஆண் ஹார்மோன் மிகுந்திருப்பதற்கான அறிகுறிகள், ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், பேச்சில் நீர்க்கட்டி எனப்படும் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லலாம் என 2003இல் ராட்டர்டாம் நகரில் வகுத்த விதியே இன்றும் அடிப்படை. பெரியவர்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக, முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோனின் அளவை எடுத்துக்கொள்ளலாம் என்று 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல் சேர்த்திருக்கிறது. உங்கள் 9.2 அதற்குப் பொருந்துகிறது. கையிருப்பில் முட்டைகள் நிறைய உள்ளன என்பதையே அது காட்டுகிறது. ஆனால் அந்த விதியில் பலரும் மறந்துவிடும் ஒரு நிபந்தனை உண்டு: தைராய்டும், பால் சுரக்கத் தூண்டும் ப்ரோலாக்டின் ஹார்மோனும் சரியாக இருக்கின்றன என்று உறுதி செய்த பிறகே பி.சி.ஓ.எஸ். என்று முத்திரை குத்த வேண்டும், ஏனெனில் அவை இரண்டும் தனியாகவே மாதவிடாயைத் தள்ளிப்போட வல்லவை. உங்களிடம் அவை இரண்டும் சரியாக இல்லை.

தைராய்டு மாத்திரையை இரண்டு ஆண்டாகத் தவறாமல் சாப்பிட்டும் டி.எஸ்.எச். (தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் ஹார்மோன்) 6.1இல் நிற்கிறது என்றால், அளவு போதவில்லை என்று கூட்டுவதற்கு முன் அதை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். நம் வீடுகளில் இந்த மாத்திரையின் முதல் எதிரி காலைக் காபி. எழுந்ததும் மாத்திரையை வாயில் போட்டு, அதே கையோடு காபியைக் குடித்தால் மருந்தின் ஒரு பகுதி குடலில் உறிஞ்சப்படாமலே போய்விடும். வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் சாப்பிட்டு, காபிக்கும் சிற்றுண்டிக்கும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலையில் அதற்கு வழியில்லை என்றால் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இருந்தால் இதற்கும் அவற்றுக்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. நூறு மாத்திரை அடங்கிய பாட்டிலை அடுப்பு மேடைக்கு மேலுள்ள அலமாரியில் வைத்திருந்தால் அங்கிருந்து இடம் மாற்றுங்கள். வெப்பமும் ஈரமும் அதன் வீரியத்தைக் குறைக்கும். இப்படி ஆறு வாரம் எடுத்துக்கொண்டு மீண்டும் டி.எஸ்.எச். பாருங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டு குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு அது 2.5க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பதே நாங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. அப்போதும் இறங்கவில்லை என்றால் அளவைக் கூட்டுவதை உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

அந்தப் பரிசோதனைக்கு முன் முடிக்கான பயோட்டின் மாத்திரையைக் குறைந்தது இரண்டு நாளாவது நிறுத்தியிருக்க வேண்டும்; அடியோடு நிறுத்திவிடுவது இன்னும் நல்லது. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவது 30 மைக்ரோகிராம் மட்டுமே. கடையில் கிடைக்கும் சில மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் இந்த மிகையான பயோட்டின், ஆய்வகங்களின் சில வகைப் பரிசோதனைகளில் குறுக்கிட்டு, டி.எஸ்.எச். அளவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டிவிடும். அப்படியானால் உங்கள் 6.1 உண்மையில் இன்னும் கூடுதலாகவே இருந்திருக்கலாம். முடி கொட்டுவதற்கே தைராய்டு குறைவு ஒரு காரணம் என்பதால், நோயை மறைக்கும் மருந்தை அதே நோயின் அறிகுறிக்காகச் சாப்பிட்டுவந்திருக்கிறீர்கள்.

ப்ரோலாக்டின் 38 என்பது இலேசான உயர்வுதான். இதைக் கண்டு மூளையில் கட்டியோ என்று அஞ்சி எம்.ஆர்.ஐ. எடுக்க ஓட வேண்டாம். தைராய்டு குறைந்தால் அதைத் தூண்ட மூளை அனுப்பும் டி.ஆர்.எச். என்ற ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியில் ப்ரோலாக்டினையும் சேர்த்தே தூண்டிவிடுகிறது. ஆக, உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனி நோய்களாக இல்லாமல், ஒன்றின் விளைவாக மற்றொன்று வந்திருக்கக்கூடும். இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. நெஞ்செரிச்சலுக்கு நீங்கள் வாங்கும் மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். அதில் டொம்பெரிடோன் என்ற பெயர் இருந்தால் அதுவும் ப்ரோலாக்டினை ஏற்றும். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இதைச் சேர்த்த மாத்திரைகள் நம் ஊரில் மிட்டாய் போல விற்பனையாகின்றன. வாங்குபவர்களும் அதை ஒரு மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை, டாக்டர் கேட்கும்போது சொல்வதுமில்லை. டொம்பெரிடோன் இல்லாத மருந்துக்கு மாறி, தைராய்டும் கட்டுக்குள் வந்த பிறகு, காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது கழித்து, பதற்றமில்லாமல் சற்று உட்கார்ந்திருந்து ரத்தம் கொடுங்கள். உறக்கத்திலும் பதற்றத்திலும் இந்த ஹார்மோன் ஏறும் என்பதால், ஓடிவந்து ஊசிக்குக் கை நீட்டினால்கூட அளவு கூடிவிடும். அதன் பிறகும் உயர்ந்தே இருந்தால்தான் தனி மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மலைவேம்புச் சாற்றைப் பற்றி என் கருத்தைக் கேட்டு எழுதவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். கருத்தரிக்க அது உதவும் என்று காட்டும் முறையான மனித ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. முட்டை வளர்வதற்கான மருந்து எடுக்கும் மாதங்களிலும் கர்ப்பம் இருக்கலாம் என்ற ஐயம் உள்ள நாட்களிலும் அது வேண்டாம். மாமியாரோடு இதற்காக மோதவும் வேண்டாம். டாக்டர் ஆறு மாதம் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று என் மீதே பழியைப் போட்டுவிடலாம். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் முறையாகப் போங்கள். அவர் தருவதை எங்களிடமும், நாங்கள் தருவதை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எடையைப் பற்றி உங்களுக்கு எல்லோரும் சொல்லிச் சலித்திருக்கும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். உங்கள் உடல் எடைக் குறியீடு 29. இந்தியர்களுக்கு 23க்கு மேல் போனாலே கூடுதல் என்று கொள்கிறோம். ஆனால் 71இலிருந்து 55க்கு வந்தால்தான் முட்டை வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடையில் ஐந்து விழுக்காடு, அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளியேறத் தொடங்கிவிடும். இன்சுலின் மிகுந்து சுரப்பதால் சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடி, முட்டைப்பை பாதியில் நிற்பதே பி.சி.ஓ.எஸ்.ஸில் பெரும்பாலோருக்கு நடப்பது. கழுத்தின் பின்புறம் தேய்த்தும் போகாத கருமை இருந்தால் அது அழுக்கல்ல, இந்த இன்சுலின் மிகுதியின் அடையாளம். எனவே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரைப் பரிசோதனை உங்களுக்குக் கட்டாயம் தேவை. எடை குறையும்வரை மற்ற சிகிச்சையைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இனி உங்கள் கணவர். அவரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அவருடைய விந்துப் பரிசோதனை முடியாமல் உங்களுக்கு ஒரு மாத்திரைகூட இனி எழுதக் கூடாது என்பது என் கருத்து. குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியோ நீங்கள் இதுவரை செய்துகொண்ட எல்லாவற்றையும்விட மலிவானது, வலியில்லாதது. தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லாதவருக்கும் விந்தில் அணுக்கள் மிகக் குறைவாக இருக்கலாம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது பல ஆண்களுக்குத் தெரியாததால்தான் பரிசோதனை என்றதும் தன்மானம் குறுக்கே வந்து நிற்கிறது. அவருடைய வேலையை நீங்கள் குறிப்பிட்டதும் நல்லதாயிற்று. விதைப்பைகள் உடலுக்கு வெளியே தொங்குவதே, உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருந்தால்தான் அவை ஒழுங்காக இயங்கும் என்பதற்காக. துணியை நூற்றைம்பது டிகிரிக்கு மேல் சூடாக்கி உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்தின் பக்கத்தில் இரவெல்லாம் நிற்பவரின் அணுக்களை அந்த வெப்பம் பாதிக்கக்கூடும். பாதித்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பார்க்காமல் இருப்பது சரியில்லை என்கிறேன்.

இரண்டு முதல் ஏழு நாள் வரை சேராமல் இருந்த பிறகு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் உடல் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும். முதலில் வரும் பகுதி சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனெனில் அணுக்கள் அதில்தான் அதிகம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்களும், மொத்தத்தில் 42 விழுக்காடு அசைவும் குறைந்தபட்ச அளவுகள். ஒரு விந்தணு உருவாகச் சுமார் 70 நாளுக்கு மேல் ஆகிறது என்பதால், கடந்த மூன்று மாதத்தில் டெங்கு போன்ற கடும் காய்ச்சல் வந்திருந்தால் முடிவு தற்காலிகமாகக் குறைந்து காட்டலாம். ஆகவே குறைவாக வந்தால் மனம் உடையாமல் சில வாரம் கழித்து மறுபடி செய்து பார்க்க வேண்டும். வளைகாப்பில் உங்களை ஒதுக்கியவர்கள் யாரும் இப்படி ஒரு பரிசோதனை இருப்பதையே நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தை உங்கள் கணவரிடம் காட்டுங்கள். படித்துவிட்டு அவரே கேட்கட்டும்.

அவருடைய முடிவு ஓரளவு நன்றாக இருந்தால் உங்களுக்குக் கருக்குழாய்கள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் டியூப் டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது. மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதாலும், நம் நாட்டில் வெளியே தெரியாத காசநோய் கருக்குழாய்களை அடைத்துவிடும் வாய்ப்பு இருப்பதாலும் இதைச் சொல்கிறேன். மாதவிடாய் நின்ற பிறகு, முட்டை வளர்வதற்கு முந்தைய சில நாட்களில் இதைச் செய்வார்கள். மாதவிடாய் வலியைப் போல் சற்று நேரம் வலிக்கும்.

இப்போது நீங்கள் வாங்காமல் திரும்பிய லெட்ரோசோலுக்கு வருகிறேன். மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய்க்காகவே அது முதலில் வந்தது. உடலில் ஈஸ்ட்ரோஜென் உருவாவதை அது தற்காலிகமாகத் தடுக்கிறது. புற்றுநோயாளிகள் அதை ஆண்டுக்கணக்கில் தினமும் சாப்பிடுகிறார்கள். நீங்கள் சாப்பிடப்போவது மாதவிடாயின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் தொடங்கி ஐந்து நாள் மட்டும். அந்த ஐந்து நாளில் ஈஸ்ட்ரோஜென் குறைந்ததைக் கண்ட மூளை, முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனைத் தானே கூடுதலாகச் சுரக்கிறது. கரு கருப்பையில் ஒட்டும் காலம் வருவதற்குள் மருந்து உடலைவிட்டு ஏறக்குறைய முழுமையாகவே வெளியேறிவிடும். குழந்தைக்குக் குறை வரலாம் என்று 2005இல் ஒரு மருத்துவ மாநாட்டில் எழுந்த ஐயத்தை, மறு ஆண்டே 911 குழந்தைகளை ஆராய்ந்து வெளியான கட்டுரை உறுதிப்படுத்தவில்லை. இருந்தும் இந்தியாவில் 2011இல் இந்தப் பயன்பாட்டுக்குத் தடை விதித்து, 2017இல்தான் அதை நீக்கினார்கள். மருந்துக்கடைகளில் இன்னும் நிலவும் தயக்கத்துக்கு அந்த ஆறு ஆண்டும் ஒரு காரணமாக இருக்கலாம். 2014இல் அமெரிக்காவில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்களிடம் குளோமிஃபீனையும் லெட்ரோசோலையும் ஒப்பிட்டபோது, ஐந்து சுழற்சிகள் வரையிலான சிகிச்சையில் குழந்தை பெற்றவர்கள் முறையே 19.1 விழுக்காடும் 27.5 விழுக்காடும் ஆவர். இன்று பி.சி.ஓ.எஸ்.ஸுக்கு முதலில் தர வேண்டிய மருந்து லெட்ரோசோல்தான். அதை எழுதித் தந்த டாக்டர் சரியாகவே செய்திருக்கிறார்.

நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்ட மூன்று மாத குளோமிஃபீனை நான் கணக்கில் சேர்க்கவில்லை, ஏனெனில் ஸ்கேன் பார்க்காததால் அந்த மாதங்களில் முட்டை வளர்ந்ததா என்பது யாருக்கும் தெரியாது. இந்த முறை பத்தாம் பன்னிரண்டாம் நாள் தொடங்கி ஸ்கேன் வைத்து, முட்டை வளர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2.5 மி.கிராமில் வளரவில்லை என்றால் அடுத்த சுழற்சியில் 5, பிறகு 7.5 என்று கூட்டலாம். வளர்ந்து வெடித்த சுழற்சிகள் மட்டுமே முயற்சிகள்; அப்படி ஆறு வரை பார்க்கலாம்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: இப்போது வேண்டாம். கருக்குழாய்கள் இரண்டும் அடைத்திருந்தாலோ, கணவரின் அணுக்கள் மிகக் குறைவாக இருந்தாலோ, மருந்துக்கு முட்டை வளரவே மறுத்தாலோ டெஸ்ட் டியூப் முறை தேவைப்படும். அந்த நிலையில் அது அருமையான சிகிச்சை, அதற்குத் தயங்கவும் வேண்டாம். இந்த மூன்றில் ஒன்றைக்கூட இன்னும் பார்க்காமல் அதைச் செய்துகொள்ளச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏ.எம்.எச். 9.2 உள்ளவருக்கு ஊசிகளால் முட்டைகளைத் தூண்டும்போது சினைப்பை மிகையாக வீங்கி, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். தைராய்டைச் சீராக்க ஆறு வாரம், பிறகு ஆறு சுழற்சி என்று வைத்தாலும் ஒன்பது மாதத்துக்குள் முடிந்துவிடும். அப்போது உங்களுக்கு முப்பதுதான். முப்பத்தைந்தைத் தாண்டியவராக இருந்தால் இவ்வளவு நிதானமாக எழுதியிருக்க மாட்டேன். பிற்பாடு போக நேர்ந்தால், செயற்கைக் கருத்தரிப்பு மையங்களை முறைப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற மையம்தானா என்று பார்த்து, சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

காத்திருக்கும் இந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியவை சில உள்ளன. ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்குங்கள்; குழந்தையின் தண்டுவடம் உருவாவது, நாள் தள்ளியது உறுதியாவதற்கும் முன்பே நடந்துவிடுவதால் கர்ப்பம் தெரிந்த பிறகு தொடங்கினால் தாமதம். ரூபெல்லா எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். முகப்பரு, முகத்தில் முடி ஆகியவற்றுக்குத் தோல் மருத்துவர் மாத்திரை தந்திருந்தால் அதன் பெயரை மகப்பேறு மருத்துவரிடம் காட்டாமல் தொடராதீர்கள். ஐசோட்ரெடினாயின், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை கருவுக்குத் தீங்கானவை. உறக்கம் கெட்டு, எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால் அதையும் டாக்டரிடம் ஒரு நோயாகவே சொல்லுங்கள், பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருவது அறியப்பட்ட விஷயம், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக ஒன்றை இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு தெரியும் நாளில், ஸ்கேனுக்கு நாள் குறிப்பதற்கும் முன்னால் செய்ய வேண்டியது தைராய்டு மாத்திரையைக் கூட்டுவது. முதல் மூன்று மாதம் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பியே வளர்வதால், அதுவரை வாரத்துக்கு ஏழு மாத்திரை என்று எடுத்துவந்தவர்களை அன்றிலிருந்தே ஒன்பதாக்கிக்கொள்ளச் சொல்வது வழக்கம். அந்த வாரமே டி.எஸ்.எச். பார்த்து, பாதிக் கர்ப்பம் கடக்கும்வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து அளவைத் திருத்திக்கொண்டே வர வேண்டும். காபிக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பது அந்த மாதங்களிலும் அப்படியே தொடர வேண்டும்.